ஆப் ஸ்டார்ட் ஆகும்போது கிளாஸ் ஸ்கேனிங்கை எப்படி வேகமாக்குறது?

டாம்கேட்ங்கிற ஜாவா வெப் சர்வர்ல பெரிய வார் ஃபைல் (முழு ஆப்பையும் ஒண்ணா கட்டி வச்ச ஃபைல்) ஏன் இவ்ளோ மெதுவா ஏறுதுன்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் உங்க கோட் காரணமில்லீங்க, லிப் ஃபோல்டர்ல கெடக்குற ஜார்கள்தான், அதாவது ஜாவா லைப்ரரி ஃபைல்கள். 2009ல வந்த சர்வ்லெட் 3.0ல (ஜாவா வெப் ஆப்களுக்கான விதிமுறை) இருந்து, அனோட்டேஷன் (கிளாஸ் மேல @ போட்டு எழுதுற குறிப்பு) இருக்கான்னு டாம்கேட் ஒவ்வொரு ஜாரையும் தொறந்து பாக்கணும், அதுலயும் ஹேண்டில்ஸ்டைப்ஸ் போட்ட இனிஷியலைசர் (ஆப் ஏறும்போது, குறிப்பிட்ட வகை கிளாஸெல்லாம் வேணும்னு கேக்குற கோட்) ஒண்ணு இருந்துட்டா ஒவ்வொரு கிளாஸோட பேரன்ட், இன்டர்ஃபேஸ் வரைக்கும் தேடிப்போகும், அங்கதான் நேரமும் மெமரியும் கரையுது.

மொதல்ல டாம்கேட்டோட செட்டிங் ஃபைல் கேட்டலினா.ப்ராப்பர்ட்டீஸ்ல, ஸ்கேன் பண்ணாம விடவேண்டிய ஜார்களோட ஜார்ஸ்டுஸ்கிப் லிஸ்ட்ல தேவையில்லாத ஜார் பேரெல்லாம் சேருங்க, ஆனா ஜேஎஸ்பி டேக் லைப்ரரி உள்ள ஜாரை மட்டும் தொடாதீங்க. ஆப்போட செட்டிங் ஃபைல் வெப்.எக்ஸ்எம்எல்ல மெட்டாடேட்டா-கம்ப்ளீட்டை ட்ரூ ஆக்கி அப்சல்யூட்-ஆர்டரிங்கை காலியா விட்டா இன்னும் நல்லா வேகமாகும், ஆனா அனோட்டேஷன்ல எழுதின சர்வ்லெட் எதுவும் ஏறாது, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கை வெப்அப்ளிகேஷன்இனிஷியலைசர் வழியா ஏத்துறவங்களுக்கு ஆப்பே எந்திரிக்காது, அதனால பாத்து செய்யுங்க.

ஸ்பிரிங் பக்கம், தனக்கு வேண்டிய கிளாஸ்களைத் தேடுற காம்போனன்ட்ஸ்கேன்ல வெறும் "காம்"னு மேல் பேக்கேஜ் குடுக்குறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஸ்பிரிங் கிளாஸை லோட் பண்ணாம பைட்கோடை மட்டும்தான் படிக்குது, இருந்தாலும் அத்தனை ஃபைலையும் தொறந்தாகணுமே. நீங்க ஓட்டுறது டாம்கேட் இல்லாம வைல்ட்ஃபிளை, குவார்கஸ்னா பில்ட் நேரத்துலயே ஜான்டெக்ஸ் இன்டெக்ஸ் (கிளாஸ், அனோட்டேஷன் பட்டியல்) எழுதி ஜாருக்குள்ள வச்சிடுங்க, எனக்குப் புடிச்ச வழி அதுதான்.