இறக்கை முளைத்த குதிரையும் உங்கள் மகனும்

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. பன்னிரண்டு வயது மகன் டிராகன், மந்திரவாதிக் கதைகளிலேயே மூழ்கிக் கிடக்கிறான், மாமியார் ஹராம் (மார்க்கம் தடுத்தது) என்று சொல்லிப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டார் என்று கூத்தாநல்லூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி அறிவிப்பு) இருக்கிறது. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணி இறக்கை வைத்த குதிரை ஒன்றை நபி (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். "குதிரைக்கு இறக்கையா?" என்று கேட்டார்கள். "சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா?" என்றார் ஆயிஷா. கடைவாய்ப் பற்கள் தெரிய நபியவர்கள் சிரித்தார்கள். கற்பனை என்ற ஒரே காரணத்தால் ஒன்று ஹராமாகிவிடாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே போதும். நம் பாட்டிமார் ராகம் போட்டுப் படித்த கிஸ்ஸா எனும் கதைப்பாடல்களிலும் படைப்போர் எனும் போர்க் காவியங்களிலும் ஜின்கள் வரவில்லையா?

ஆனால் மாமியாரின் அச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். சூனியம் கற்பதை குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் கடுமையாகக் கண்டிக்கிறது. அல்லாஹ்வின் பாதையிலிருந்து திருப்பும் வீண் பேச்சை லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. மந்திரக் கதைகளே வேண்டாம் என்னும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) இருக்கிறார்கள். ஆகவே மகனைக் கவனியுங்கள். கதையைக் கதையென்று அறிந்திருக்கிறானா? மந்திரத்தைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறானா? மாலை நேர அஸர் தொழுகை தவறுகிறதா?

முதலில் ஒரு புத்தகத்தை இறக்கி அவனோடு சேர்ந்து படியுங்கள். பிறகு அதையே எடுத்துக்கொண்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு, உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள்.