பத்து வயதுக் குழந்தைக்கு எந்த வில், எந்த அம்பு?

மகளுக்குப் பத்து வயது, வில்வித்தை பழக ஆசைப்படுகிறாள், என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பார்க்கவேண்டியது வில்லின் இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம். இந்த வயதுக்கு 10 முதல் 15 பவுண்டு தாராளம். "வளர்கிற பிள்ளைதானே" என்று 25 பவுண்டு வில்லை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாணை முழுதாக இழுத்துப் பத்து விநாடி நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறினாலோ, முன்கை நடுங்கினாலோ, அந்த வில் அவளுக்குக் கனம். அதோடு பழகினால் தப்பான நிலை உடம்பில் ஊறிவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

கழற்றி மாட்டும் ரிகர்வ் வில்லே (முனைகள் முன்நோக்கி வளைந்த வில்) என் தேர்வு. மகளின் பலம் கூடும்போது வில்லின் மேலும் கீழும் உள்ள வளையும் பகுதிகளை மட்டும் மாற்றினால் போதும், நடுப்பிடி அப்படியே இருக்கும். வலக்கண் ஆதிக்கம் (குறிபார்க்கையில் வலக்கண்ணே முந்துவது) என்றால் நாணை வலக்கையால் இழுக்கும் வில்.

அம்பின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. விரித்த கைகளின் அகலத்தை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் (நாணை முழுதாக இழுக்கும்போது வில்லிலிருந்து நாண் வரையான தூரம்) ஏறக்குறைய கிடைக்கும்: 55 அங்குலத்துக்கு 22. அம்பு அதைவிட இரண்டு மூன்று அங்குலமாவது நீண்டிருக்கட்டும். குட்டையான அம்பு பின்னால் நழுவி, வில் பிடித்த கையைக் குத்திவிடும். தொடக்கத்துக்கு ஃபைபர் கிளாஸ் அல்லது அலுமினியம் போதும், கார்பன் பிறகு.

முன்கைக் காப்பும் விரல் காப்பும் சேர்த்தே வாங்குங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது, வில்லே உடையும்.