தெரியாத ஊரில் வாடகைக்கு விட வீடு: எந்தப் பகுதியில் வாங்குவது?

கேள்வி: எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெருநகரத்தில், வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு வீடு வாங்க நினைக்கிறேன். நகரின் விளிம்பில் வளர்ந்துவரும் பகுதியில் விலை குறைவு, வாடகை வருமானம் அதிகம் என்கிறார் தரகர். நம்பி இறங்கலாமா?

பதில்: தரகர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஆள் இருக்கும் மாதங்களின் கணக்கைச் சொல்கிறார், அவ்வளவுதான். காலியாகக் கிடக்கும் மாதங்களை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நகருக்குள் ஒரு வீடு, தரகர் சொல்லும் விளிம்பில் இன்னொரு வீடு, இரண்டின் விலையும் 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டின் ஆண்டு வாடகை 6. அரை மாதம் காலி என்றால் 0.25 போகும், வரி, பராமரிப்புக்கு 1.25. கையில் நிற்பது 4.5. இரண்டாவது வீட்டின் வாடகை 8. ஆனால் ஆண்டுக்கு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் 6தான் வரும். வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போதெல்லாம் வெள்ளையடிப்பு, தரகுக்கூலி எல்லாம் சேர்த்து 2.5 போனால் மிஞ்சுவது 3.5. விளம்பரத்தில் இரண்டாவது வீடுதான் ஜொலிக்கும்.

எனவே பகுதியைத் தேடுவதற்கு முன் வாடகைதாரரை முடிவு செய்யுங்கள். மருத்துவமனைச் செவிலியரா, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பமா, கல்லூரி மாணவர்களா? அவர்கள் காலையில் எங்கே போக வேண்டும், எதில் போவார்கள் என்று பாருங்கள். ஊர் தெரியாதவருக்கும் வரைபடம் பாதியாகச் சுருங்கிவிடும். ஒரே ஆலையையோ ஒரே துறையையோ நம்பியிருக்கும் பகுதியை நான் ஒதுக்கிவிடுவேன். கார்த் தொழிலை நம்பி வளர்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 1950இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2010இல் எஞ்சியவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். அங்கே வீடு மலிவாகக் கிடைத்ததில் வியப்பில்லை. குடியேறத்தான் ஆள் இல்லை.

அடுத்து, வாடகை விளம்பரங்களை இரண்டு மாதமாவது தொடர்ந்து கவனியுங்கள். கேட்கும் வாடகை வேறு, படியும் வாடகை வேறு. ஒரே வீடு நான்கு வாரம் கழித்தும் குறைந்த வாடகையில் மறுபடி தலைகாட்டினால், அந்தப் பகுதியின் உண்மையான நிலவரம் அதுதான். தரகர்களிடம் வாங்குபவராக இல்லாமல், வாடகைக்கு வீடு தேடுபவராகப் பேசிப் பாருங்கள். வாங்க வருபவரிடம் 'வீடு கிடைப்பதே அரிது' என்பவர், வாடகைக்கு வருபவரிடம் ஐந்து வீடுகளைக் காட்டினால் விஷயம் விளங்கிவிடும்.

நேரில் போவதைத் தவிர்க்க முடியாது. காலை நெரிசலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை, முடிந்தால் பெருமழைக்கு மறுநாள் போங்கள். அடுக்ககத்தின் கீழே தபால் பெட்டிகளைப் பாருங்கள்: கடிதங்கள் பிதுங்கி வழியும் பெட்டிகள் எத்தனை? இரவில் எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம்? மதிற்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு ஓடினால் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்கவே வேண்டாம். புதுச் சாயம் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். பகுதியின் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே பெயருக்குள் ஒரு பெருஞ்சாலைக்கு இந்தப்புறம் ஒரு வாடகை, அந்தப்புறம் வேறு வாடகை இருக்கும்.

'வளர்ந்துவரும் பகுதி' என்ற சொல்லுக்கு நான் கொஞ்சம் பயப்படுவேன். சுற்றிலும் காலி மனைகள் இருந்தால் நாளைக்கு அங்கே எழும்பும் ஒவ்வொரு கட்டடமும் உங்கள் வீட்டுக்குப் போட்டி. வரப்போகும் ரயில் பாதையை, வந்த பிறகு கணக்கில் சேர்க்கலாம். கட்டுநர் தரும் 'வாடகை உத்தரவாதம்', அதாவது சில காலத்துக்கு இவ்வளவு வாடகை நிச்சயம் என்ற வாக்குறுதி, பெரும்பாலும் விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். அது முடிந்த பிறகு என்ன வாடகை கிடைக்கும் என்பதே கேள்வி.

வாடகைச் சட்டத்தையும் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். குழாய் உடைந்தால் ஓடிப் போய்ப் பார்க்க அங்கே ஒருவர் வேண்டும். அவருக்கான கட்டணமும் செலவுக் கணக்கில் சேரும்.

தரகர் காட்டும் வீடு பழையது என்றால், கடந்த இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தங்களையும் மின்கட்டண ரசீதுகளையும் கேளுங்கள். ஆள் இல்லாத மாதம் ரசீதில் தெரிந்துவிடும். தர மறுத்தால், ஆண்டுக்கு மூன்று மாதம் காலி என்று வைத்து உங்கள் விலையைச் சொல்லுங்கள்.