லண்டனில் பிறந்த சோமாலித் தோழி, பெற்றோரின் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தப் போகலாமா?

உங்கள் தோழியின் பெற்றோருக்குச் சொந்த ஊர், சோமாலியாவிலிருந்து பிரிந்து தனியாக ஆட்சி நடத்தும் சோமாலிலாந்தில். கோடை விடுமுறையில் ஒரு மாதம் அங்கே போய்ச் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்த ஆசைப்படுகிறார், அதனால் பயன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போகட்டும். ஆனால் கோடை விடுமுறையில் வேண்டாம். அந்த மாதங்களில் அங்கேயும் பள்ளிக்கு விடுமுறைதான். தலைநகர் ஹர்கெய்சா முழுக்க வெளிநாட்டு உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருப்பார்கள். கல்யாணம், விருந்து என்றே நாள் ஓடிவிடும். பள்ளி திறக்கும் நேரத்துக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். வேலையில் நீண்ட விடுப்புக் கிடைக்குமா என்று பார்த்து, ஒரு பருவமாவது முழுசாக இருப்பதுபோல் போகச் சொல்லுங்கள்.

என் கணவர் குடும்பத்துக்கு ஊர் புராவோ. 1991 மே 18 அன்று சோமாலிலாந்து தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்டது அங்கேதான். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1988இல், சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பாரேயின் ராணுவம் ஹர்கெய்சாவையும் புராவோவையும் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கியபோது, என் மாமியார் கைக்குழந்தையோடு எத்தியோப்பிய எல்லை வரை போய்ச் சேர்ந்தவர். போருக்குப் பிறகு ஊர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்த சொந்தங்களும் காசு சேர்த்து எழுப்பிய பள்ளிகள் அந்தப் பக்கம் நிறைய. அப்படி ஒன்றில்தான் நானும் என் கணவரும் பாடம் நடத்தினோம்.

அங்கே எட்டாம் வகுப்பு வரை சோமாலி வழிக் கல்வி. அதற்கு மேல் ஃபாரம் ஒன்று முதல் ஃபாரம் நான்கு வரை, அதாவது நம் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை, ஆங்கில வழி. (நம் தாத்தா காலத்து 'ஃபாரம்' என்ற பெயர் அங்கே இன்னும் இருக்கிறது.) நேற்று வரை கணக்கையும் அறிவியலையும் சொந்த மொழியில் படித்த பிள்ளை, ஃபாரம் ஒன்றில் உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்திவிடும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்குப் போனவள். விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் உங்கள் தோழிக்கு நான் சொல்வது, ஃபாரம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். முக்கோணத்துக்கு ஆங்கிலச் சொல்லையும் 'சதெஹகல்' என்ற சோமாலிச் சொல்லையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், பாதி வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1972இல் சோமாலிக்கு லத்தீன் எழுத்தை அரசு ஏற்ற பிறகு பாடநூல்களுக்காகக் கலைச்சொற்களை உழைத்து உருவாக்கியிருக்கிறார்கள். அவை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஆங்கிலம் மட்டும்தான் பேசுவேன் என்று நிற்கும் தன்னார்வலர் அந்தச் சொத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறார். தோழியின் சோமாலி கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளே திருத்துவார்கள். அதில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

புதுப் பாடத்திட்டம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். எட்டாம் வகுப்பு முடிவிலும் ஃபாரம் நான்கு முடிவிலும் அரசுப் பொதுத்தேர்வு இருக்கிறது. அமைச்சகத்தின் புத்தகத்தை விட்டு விலகி நடத்தினால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வகுப்பைப் பிடித்துக்கொள்வதும் கூடாது. இவர் விமானம் ஏறிய மறுநாளும் அந்த வகுப்பில் நிற்கப்போகிறவர் அவர்தான். சேர்ந்து நடத்தலாம், விடைத்தாள் திருத்தித் தரலாம், அவருடைய ஆங்கிலத்துக்குத் துணையாக இருக்கலாம்.

இன்னொன்று, உயர்நிலை வகுப்புகளில் பெண் ஆசிரியர்கள் மிகவும் குறைவு. வகுப்பில் வாய் திறக்காத பெண் பிள்ளைகள் பள்ளி விட்டதும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு இயற்பியலிலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை எல்லாம் கேட்டார்கள். கழிப்பறை சரியில்லாததால் பெண் பிள்ளைகள் வராமல் போகும் நாட்கள் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. தோழிக்குப் பணம் திரட்ட வசதி இருந்தால், கணினி வாங்கித் தருவதைவிட முதலில் கழிப்பறையைக் கவனிக்கட்டும்.

மற்றபடி, வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை பள்ளி உண்டு. தலையை மூடித் தளர்வான உடை போட வேண்டும். கைப்பேசியில் 'சாத்' என்ற பணச் சேவைக் கணக்கு இருந்தால் தேநீர்க் கடையில்கூடப் பணம் கட்டலாம். பயணச்சீட்டு எடுக்கும் முன்னால் தலைமையாசிரியரிடம் நேராகப் பேசி, எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று கேட்கச் சொல்லுங்கள். உறவினர் வழியாகக் கேட்டால் 'நீ வந்தாலே போதும்மா' என்றுதான் பதில் வரும்.