காத்தாடி கம்பெனியா, மாமா பட்டறையா?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. என் தம்பி இங்கே மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். “என்கிட்ட விடு அக்கா, தொழில் கத்துக்கட்டும்” என்கிறான். மகனோ, “இனிமேல் எல்லாம் கிரீன் ஜாப்தாம்மா, கரி பிடிச்ச பட்டறையில எனக்கு என்ன இருக்கு?” என்று காற்றாலை, அதாவது காத்தாடி கம்பெனி வேலைக்குத்தான் போவேன் என நிற்கிறான். ஒரு பயிற்சி மையத்தில் 45,000 ரூபாய் கட்டினால் சான்றிதழும் வேலையும் உறுதியாம். வளையலை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் அந்த உயரத்தை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புச் சகோதரிக்கு,

முதல் வேலையாக வளையலைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

காற்றாலைக்கு வாயுமித்ரா, சோலாருக்கு சூர்யமித்ரா என்று மத்திய அரசின் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. சூர்யமித்ரா 600 மணி நேரப் பயிற்சி, கட்டணம் கிடையாது, ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்தவர்கள் சேரலாம். காற்றாலைக்கென்று சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. அடுத்த வகுப்பு எப்போது, எங்கே என்று மகனையே விசாரிக்கச் சொல்லுங்கள். காற்றாலைக் கம்பெனிகள் கேட்பது பெரும்பாலும் ஜி.டபிள்யூ.ஓ. என்ற பாதுகாப்புச் சான்றிதழ். உயரத்தில் வேலை, முதலுதவி, தீத்தடுப்பு, பாரம் தூக்கும் முறை எல்லாம் அதில் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஆளை எடுத்துக்கொண்ட கம்பெனி தன் செலவில் அனுப்ப வேண்டிய பயிற்சி அது. கைக்காசு போட்டு வாங்கி, வேலை கிடைப்பதற்குள் தேதி ஓடிவிட்டால் யாரிடம் போய் நிற்பது? “வேலை உறுதி” என்பவரிடம், எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், சேராவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறாரா பார்ப்போம்.

இனி உயரம். நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை, உங்கள் பயம் நியாயமானதுதான். சில வருஷம் முன்பு கயத்தாறு பக்கம் ஒரு பழைய காத்தாடியில் ஏறிப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். கோபுரத்துக்குள் நெட்டுக்குத்தாக இரும்பு ஏணி. உள்ளே அனல், கிரீஸ் வாடை. உடம்பில் வார் கட்டி, ஏணியோடு ஓடும் கம்பியில் கொக்கியை மாட்டிவிட்டார்கள். முதல் தட்டு வரை போனேன். “போதும் தம்பி” என்று இறங்கிவிட்டேன். கூட வந்த பையனுக்கு உங்கள் மகன் வயதுதான் இருக்கும். முதுகில் ஸ்பேனர் பையோடு உச்சிக்குப் போய், ஒரு சென்சாரை மாற்றிவிட்டுச் சாவகாசமாக இறங்கி வந்தான். “ஏறுறது பழகிரும் சார். சீசன்ல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது. அதுதான் இன்னும் பழகல” என்றான்.

ஆடிக்காற்றில்தான் காத்தாடிக்குச் சம்பாத்தியம். அப்போது மெஷின் நின்றால் உரிமையாளருக்கு நஷ்டம், ஓடிப்போய்ச் சரிபார்க்க வேண்டும். காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் யாரும் ஏறக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைக் காட்டி “இப்போது ஏற மாட்டேன்” என்று பையன் சொன்னால் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்வாரா? கம்பெனி ஆளா, ஒப்பந்தக்காரர் ஆளா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பக்கத்து ஊர்களில் இந்த வேலை பார்க்கும் பையன்கள் உங்களுக்கே தெரிந்திருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

வேலை இருக்குமா என்றால், இருக்கும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. முப்பந்தலிலும் உங்கள் பக்கத்திலும் 20 வருஷம் தாண்டிய சின்ன மெஷின்கள் ஏராளம். அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் 2024ல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியையும் மகனுக்கு ஞாபகப்படுத்துங்கள். 2016ல் அங்கே 648 மெகாவாட் சோலார் பூங்காவை எட்டே மாதத்தில் கட்டினார்கள். சுமார் 8,500 பேர் வேலை பார்த்தார்கள். கட்டி முடித்த பிறகு பலகைகளைத் துடைப்பது ரோபோ. கட்டும்போது கூட்டம், ஓடும்போது சில பேர். இந்தத் துறை முழுக்கவே இப்படித்தான். கட்டுகிற கும்பலோடு போனால் அடுத்த சைட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பராமரிக்கத் தெரிந்தவன் அங்கேயே இருப்பான்.

பராமரிப்பு என்றதும் உங்கள் தம்பி பட்டறைக்கு வந்துவிட்டேன். மகன் அதைக் கரி பிடித்த இடம் என்கிறான். ஒருநாள் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அதாவது காயில், எரிந்துபோன மோட்டார் வருகிறது. ஒரு பக்கம் செம்பை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கம் இழுத்தால் வராது, பழைய வார்னிஷ் கல்லாக இறுகியிருக்கும். அவசரக்காரர் என்ன செய்வார்? நெருப்பில் போட்டுச் சிவக்கச் சிவக்கச் சுடுவார். செம்பு சுலபமாக வந்துவிடும். ஆனால் அந்தக் காயிலைத் தாங்கும், சுற்றாத பாகமான ஸ்டேட்டர் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளின் அடுக்கு. தகட்டுக்குத் தகடு பூசிய காப்புப் பூச்சு அந்தச் சூட்டில் கருகிவிடும். அதன் பிறகு எத்தனை அழகாக வைண்டிங் கட்டினாலும் அந்த மோட்டார் சும்மா சுற்றும்போதே சூடாகும், கூடுதல் கரண்டு தின்னும். அளவு கம்பி கிடைக்கவில்லை என்று ஒரு கேஜ் மெலிதாகப் போட்டாலும் இதே கதை. மோட்டார் ஓடுகிறது, அதனால் சண்டைக்கு யாரும் வர மாட்டார்கள். மில்காரர் மாதாமாதம் மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருப்பார். நம் ஊரில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் கிணற்று மோட்டாருக்கு அந்தக் கணக்கைக்கூட யாரும் பார்ப்பதில்லை.

எரிந்த மோட்டாரைச் சூடு அளந்து பிரித்து, அதே கேஜ், அதே சுற்று கட்டி, கரண்டு கசிகிறதா என்று காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்து அனுப்புகிறவர் மிச்சப்படுத்தும் கரண்டுக்காகவும் எங்கோ நிலக்கரி எரிய வேண்டியதில்லை. அவர் வேலைக்கு ‘கிரீன் ஜாப்’ என்று பெயர் வைக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஃபேன் கதையும் அதே. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், சர்க்யூட் போர்டால் ஓடும் புது ரக பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும். அந்த போர்டு போனால் சரிசெய்ய எங்கள் தெருவில் ஆள் இல்லை. என் வீட்டு ஃபேன் ஒன்று மூன்று மாதமாக அட்டைப்பெட்டியில் தூங்குகிறது.

உங்கள் மகனுக்குத் தெரியாத இன்னொன்று: காத்தாடி உச்சியில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜெனரேட்டருக்குள்ளும் காயில்தான். பட்டறையில் மெக்கர் பிடித்துப் பழகிய கை மேலே போனால் அங்கே எது பழுது என்று அதற்குத் தெரியும். அதனால் ஒரு வருஷம் மாமாவிடம் போகட்டும். அதற்குள் வாயுமித்ராவுக்கு விண்ணப்பிக்கட்டும், வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கும் முயற்சி செய்யட்டும். பிறகு காத்தாடிக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள்.

தம்பியிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பையனை டீ வாங்கவும் கடை பெருக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆறு மாதத்துக்குள் ஒரு மோட்டாரையாவது முழுசாக அவன் கையால் கட்ட விட வேண்டும். சம்பளமும் முதல் மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும். அக்கா மகன்தானே என்று சோற்றோடு முடித்துவிட்டால், 45,000 கேட்டவர் பேச்சு பையனுக்கு மறுபடி இனிக்கத் தொடங்கிவிடும்.