ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்: வரைபடம் நியூயார்க்கைக் காட்டுவது ஏன்?

'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' என்று வரைபடத்தில் தேடினால் நியூயார்க்கைக் காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். பீட்டில்ஸ் இசைக்குழு 1967இல் வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலில் வரும் அந்த இடம் நியூயார்க்கில் இல்லை. இங்கிலாந்தில், லிவர்பூலின் பீக்கன்ஸ்ஃபீல்ட் சாலையில் இருக்கிறது. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய சிறுவர் இல்லம் அது.

வரைபடம் உங்களை நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனதற்குக் கடைசி 'ஸ்'தான் காரணமாக இருக்கும். இல்லத்தின் பெயர் ஸ்ட்ராபெரி ஃபீல்ட், ஒருமை. பாட்டில் பன்மையாக்கியவர் அதை எழுதிய பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன். அவர் நினைவாகப் பூங்காவில் ஒதுக்கிய பகுதிக்குப் பாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள்; வந்தது குழப்பம்.

'ஸ்' இல்லாமல், ஊர்ப்பெயரும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். தெருக்காட்சியில் வேலைப்பாடுள்ள சிவப்பு இரும்புக் கதவுகள் தெரிந்தால் அதுவேதான்.

நேரில் போவதானால் ஒன்று: வாசலில் நிற்கும் கதவுகள் நகல். பழைய மாளிகையையும் 1970களில் இடித்துவிட்டார்கள். சிறுவன் லென்னன் சுவரேறிக் குதித்தது தோட்டத்துக்குள்தான் என்பதால், எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.