கம்பெனி செட்டோடு ஆம்ப் சேர்க்க: லாரி, பிக்கப்காரர்கள் கேள்வியும் அண்ணாச்சி பதிலும்

பாவூர்சத்திரம், காய்கறி லோடு பிக்கப்: அண்ணாச்சி, வண்டியோட வந்த கம்பெனி பாட்டு செட்டை மாத்தாம ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடணும். செட்டுக்குப் பின்னால ஆம்புக்கு சிக்னல் எடுக்குற ஆர்சிஏ பின்னே இல்ல. முடியுமா?

முடியும் தம்பி. ஹை லெவல் இன்புட் உள்ள நாலு சேனல் ஆம்பா வாங்குங்க. செட்டுல இருந்து ஸ்பீக்கருக்குப் போற வயர்தான் அதுக்கு இன்புட். அந்த வசதி இல்லாத ஆம்ப்னா நடுவுல, ஸ்பீக்கர் சிக்னலைக் குறைச்சு ஆர்சிஏவா கொடுக்குற ஹை-லோ கன்வெர்ட்டர் ஒண்ணு போடணும்.

வயர் கலரை நம்பாதீங்க, வண்டிக்கு வண்டி மாறும். செட் கப்ளரைக் கழற்றிட்டு, ஒவ்வொரு ஜோடியிலயும் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொடுங்க. டப்புன்னு ஸ்பீக்கர் கோன் வெளியே தள்ளினா, செல்லோட பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். உள்ளே இழுத்தா மாத்தி மாட்டியிருக்கீங்க. ஒரு ஸ்பீக்கர் தலைகீழா மாட்டினாலும் பேஸ் செத்துப்போகும். ஆம்ப் சரியில்லன்னு கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போவீங்க.

ஆம்ப்ல 30 ஆம்பியர் பியூஸ் இருந்தா 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) சுத்த காப்பர் வயர் இழுங்க. கிட்டுல வர்ற வயரைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையா இருந்தா அலுமினியம். பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு முழத்துக்குள்ள 40 ஆம்பியர் பியூஸ் வரணும். ஆம்புக்குள்ள இருக்க பியூஸ் ஆம்பைத்தான் காக்கும். வழியில தகட்டுல உரசித் தோல் போனா, பத்தி எரியறது வயர்.

மைனஸுக்கு ஆம்ப் பக்கத்துலயே பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்புல போல்ட் போட்டு முறுக்குங்க. அதே கனம் வயர், ஒரு முழத்துக்கு மேல வேண்டாம்.

கடைசியா கெயின், அதாவது செட்டோட சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துற திருகு. அதை முழுசாக் குறைச்சுட்டு, செட் வால்யூமை முக்கால் வரை ஏத்துங்க. கெயினை மெதுவாத் திருகி, பாட்டு கரகரக்க ஆரம்பிச்ச இடத்துல இருந்து கொஞ்சம் பின்னால வந்து நிறுத்துங்க. டோர் ஸ்பீக்கருக்கு ஹைபாஸை (அடி பேஸை வெட்டுற பில்டர்) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க. கெயின் வால்யூம் கிடையாது.

களக்காடு, வாழைத்தார் வண்டி: நாலு ஸ்பீக்கர் மைனஸையும் சேர்த்து பாடியில கொடுத்தா வயர் மிச்சமாகுமே?

கொடுக்காதீங்க. இந்தச் செட்டுகள்ல ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயுமே ஏறக்குறைய 6 வோல்ட் நிக்கும். மைனஸ்னு நீங்க சொல்லுறது பாடி மைனஸ் இல்ல. பாடியில தொட்டா செட்டுக்குள்ள இருக்க ஐசி (சிப்) போயிரும்.

வள்ளியூர்: ஆம்புக்கு பியூஸ் எங்க போடணும்?

பேட்டரிப் பக்கம், ஒரு முழத்துக்குள்ள.

தாழையூத்து, சிமெண்ட் லாரி: எங்க வண்டி 24 வோல்ட். ஆம்ப் 12. என்ன பண்ண?

24-12 கன்வெர்ட்டர். சேனலுக்கு 45 வாட்ஸ் உள்ள, கரண்ட் வீணாக்காத டி கிளாஸ் வகை நாலு சேனல் ஆம்ப் முழுசா ஓடினா 20 ஆம்பியரை நெருங்கும். அதனால 30 ஆம்பியர் கன்வெர்ட்டர் எடுங்க. லேபிள்ல இருக்கது தொடர்ந்து கொடுக்குறதா, உச்சத்துல மட்டுமான்னு பாத்து வாங்குங்க. ஆம்ப், கன்வெர்ட்டர் ரெண்டையும் எஞ்சின் மேட்டு மேல வைக்காதீங்க. சித்திரை வெயில்ல அங்கன கையே வைக்க முடியாது, அரை மணி நேரத்துல ஆம்ப் கட்டாகும்.

ஆலங்குளம், பேட்டரி வேலை: என்ன அண்ணாச்சி, இதுக்கு எதுக்குக் கன்வெர்ட்டர்? ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து 12 வோல்ட் எடுத்தா முடிஞ்சுது. ஊர்ல பாதி லாரி அப்பிடித்தான ஓடுது?

ஓடுது வே, பேட்டரியும் மாத்திக்கிட்டே இருக்காங்க. ஆல்டர்னேட்டர் ரெண்டும் சேர்ந்த 28 வோல்ட்டைத்தான் பாக்கும், தனித்தனியாப் பாக்காது. ஆம்ப் இழுத்த பேட்டரி 13லயே நிக்கும், மத்தது 15க்குப் போகும். ஒண்ணு நிறையாமலே சல்பேட் புடிக்கும், இன்னொண்ணு தண்ணி கொதிச்சு வத்தும். அதுலயும் மேல் பேட்டரியில (24 பிளஸ் பக்கம் இருக்கது) இருந்து எடுத்துட்டு ஆம்ப் மைனஸை பாடியில போல்ட் போட்டா, கீழ் பேட்டரி (பாடி மைனஸ் பக்கம் இருக்கது) நேரடி ஷார்ட்.

ஆலங்குளம்: கீழ் பேட்டரியிலதான் எடுப்போம், அது தெரியாதா? மாசம் ஒருக்க ரெண்டையும் இடம் மாத்திப் போட்டா சரியாயிருமே.

வெறும் ரேடியோவுக்கு, ஒரு ஆம்பியருக்கு, சரி. ஆம்புக்கு ஆகாது. ஒரு மாசம் அரைகுறையாக் கெடந்த பேட்டரிக்கு, இடம் மாத்தினதும் பழைய தெம்பு திரும்பாது. எடுத்தே தீரணும்னா, ரெண்டு பேட்டரியையும் சமமா வைக்கிற பேட்டரி ஈக்வலைசர் மாட்டுங்க.

கடையநல்லூர்: ரேஸ் கொடுத்தா கூடவே ஙொய்ங்னு சத்தம் ஏறுது.

முதல்ல கெயினைக் குறைச்சுப் பாருங்க. அடுத்து, சிக்னல் வயரும் பவர் வயரும் ஒரே பக்கம் ஓடுதான்னு பாருங்க. ஒண்ணை வலது ஓரம், ஒண்ணை இடது ஓரம் கொண்டுபோங்க. போகலைன்னா சோதனைக்கு ஆம்ப் மைனஸை கனமான வயர்ல நேரா பேட்டரி மைனஸுக்குக் கொடுங்க. சத்தம் நின்னா உங்க போல்ட்டுக்கடியில துருவோ பெயின்ட்டோ இருக்கு. 24 வோல்ட் வண்டியில எஞ்சின் அணைச்ச பிறகும் இரைஞ்சா கன்வெர்ட்டர் மட்டம்.

நாங்குநேரி: பியூஸ் எங்க போடணும், எத்தனை ஆம்பியர்?

மேல படிங்க தம்பி.

அம்பாசமுத்திரம்: கோயில் கொடைக்கு லோடு ஆட்டோவுல இந்த ஆம்ப்லயே ரெண்டு குழாய் ஸ்பீக்கர் மாட்டலாமா?

அது பெரும்பாலும் வேற வகை ஆம்ப்ல ஓடுற 100 வோல்ட் லைன் சமாச்சாரம். மைக்செட்காரர்ட்ட கேளுங்க.

சங்கரன்கோவில்: ஆம்பை ஆன் பண்ணுற ரிமோட் வயரை பேட்டரி பிளஸ்லயே கொடுத்துட்டேன். காலையில செல்ப் எடுக்கல.

எடுக்காது. ராத்திரி பூரா ஆம்ப் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கு. சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற ஏசிசி வயர்ல மாட்டுங்க.

ஆலங்குளம்: சரி அண்ணாச்சி, அந்த ஈக்வலைசருக்கு எத்தனை வயர்?

மூணு. பாடி மைனஸ், ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்க இணைப்பு, 24 பிளஸ். எதை முதல்ல மாட்டணும்னு கூட வந்த தாள்ல இருக்கும். நடு வயருக்கும் பிளஸுக்கும் தனித்தனி பியூஸ் போடுங்க. எங்கன்னு கேக்காதீரும்.